மூன்று கட்டைகள் போதும்

(ஆசிரியர் பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சியில், நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியர் ஜாஸ் பியானோவைப் பற்றி என்ன பேசப்போகிறார் என்று முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆறு ஆண்டுகளாக மாலை நேரங்களில் கீபோர்டில் ஜாஸ் பழகி வருகிறேன். மேடையில் வாசிக்கும் அளவுக்கு வரவில்லை, வரும் என்ற எண்ணமும் இல்லை. ஆனால் நாற்பது வயதுக்குமேல் மறுபடி மாணவனாக உட்கார்ந்தால், கற்பவர் எங்கே திணறுவார் என்பது நன்றாக விளங்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஜாஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பின மக்களிடையே உருவான இசை. வாசிக்கும்போதே புனைவது அதன் உயிர். தெரிந்த மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அதே தாளச் சுற்றின்மேல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். நம் கச்சேரிகளில் கற்பனாஸ்வரம் கேட்டவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல.

ஒருவரைப் பியானோ முன் உட்கார வைத்து, “மனத்தில் தோன்றுவதை வாசியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். எதிரே 88 கட்டைகள். கை நகராது. “சொந்த நடையில் எழுதுக” என்றதும் நம் பிள்ளைகள் பேனாவைக் கடிப்பதும் இதனால்தான். என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி, கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாக எழுதுவாள். சொந்தமாக எழுதச் சொன்னால் வெறும் தாளை மடித்துக் கொடுப்பாள். கற்பனை வளம் இல்லாத பிள்ளை என்று முடிவு கட்டுவது நமக்கு எளிது.

ஜாஸ் மேதைகளோ நகல் எடுத்துத்தான் கற்றார்கள். ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற பியானோ கலைஞரின் ‘கரோலினா ஷவுட்’ அந்நாளில் கடினமான உருப்படி. துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தினால் தானே வாசிக்கும் பியானோக்கள் அப்போது இருந்தன. வாஷிங்டனில் இளைஞராக இருந்த டியூக் எலிங்டன், அந்தச் சுருளை மெதுவாக ஓடவிட்டு, தானாக இறங்கும் கட்டைகளின்மேல் தன் விரல்களை வைத்தே அதைக் கற்றார். பின்னர் ஜான்சன் அவ்வூருக்கு வந்தபோது, நண்பர்கள் உந்தித்தள்ள, அவர் முன்னிலையிலேயே வாசித்தும் காட்டினார். நகல் எடுத்த அந்தக் கைகள்தாம் பிறகு நூற்றுக்கணக்கான பாடல்களை உருவாக்கின.

அப்படியானால் நம் பிள்ளைகள் நோட்ஸ் பார்த்து எழுதுவதும் சரிதானே என்று கேட்பீர்கள். இங்கே லென்னி டிரிஸ்டானோவைச் சொல்ல வேண்டும். பார்வையற்ற பியானோ கலைஞர், நியூயார்க்கில் ஜாஸை முறையாகக் கற்பித்த முன்னோடி. லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் போன்றோரின் இசைத்தட்டுகளைக் கொடுத்து, அவற்றில் உள்ள புனைவு முழுவதையும் வாயால் பாடச் சொல்வார். மூச்சு விடும் இடம், இழுக்கும் இடம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அதன்பிறகே கருவி. கண்ணிலிருந்து நேராகக் கைக்குப் போகும் நகல் ஒருவகை. காதில் நுழைந்து தொண்டை வழியாகக் கைக்கு வரும் நகல் வேறுவகை. இரண்டாவது, வருகிற வழியிலேயே நம்முடையதாகிவிடுகிறது. நம் வகுப்புகளில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை.

இனி, தொடங்கும் முறை. நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு ‘பார்’. பன்னிரண்டு பார் கொண்டது புளூஸ் சுற்று. இடக்கைக்கு மூன்றே கார்டுகள். கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது. முதல் நான்கு பார் சி, அடுத்த இரண்டு எஃப், மறுபடி இரண்டு சி, பிறகு ஒன்று ஜி, ஒன்று எஃப், கடைசி இரண்டு சி. வலக்கைக்கு முதல் மாதம் மூன்று கட்டைகள் மட்டும்: சி, ஈ ஃபிளாட், எஃப். நான் வைத்துக்கொண்ட விதி இது: இரண்டு பார் வாசிக்க வேண்டும், அடுத்த இரண்டு பார் சும்மா இருக்க வேண்டும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல. வாசிப்பதைவிடச் சும்மா இருப்பது கடினம் என்பதை அன்று கண்டேன். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடிகூடப் பொறுக்காத நமக்கு அது கடினமாகத்தானே இருக்கும்!

குறைந்த சுரங்கள் தொடக்கநிலைக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 1959இல் மைல்ஸ் டேவிஸ் குழு பதிவுசெய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டில் ‘சோ வாட்’ என்ற உருப்படி உண்டு. பியானோ பில் எவன்ஸ். 32 பார் கொண்ட சுற்றில் 24 பாருக்கு, டி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகள் மட்டுமே போதும். நடுவில் எட்டு பார் அரைச்சுரம் மேலே ஏறும், அவ்வளவுதான். டி-யைச் சட்ஜமாகக் கொண்டால் அவை நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். கமகம் இல்லாததால் வேறு ஊர்க்காரராகத் தெரிகிறார்!

தவறான கட்டையை அழுத்தினாலும் தாளம் நிற்காது. அதற்கு அடுத்த கட்டை பெரும்பாலும் பொருந்திவிடும், நகர்ந்து போகலாம். ஸ்டுட்கார்ட் கச்சேரி ஒன்றில், மைல்ஸ் டேவிஸின் வாசிப்புக்கு நடுவே தாம் முற்றிலும் பொருந்தாத கார்டை வாசித்துவிட்டதாக ஹெர்பி ஹான்காக் பலமுறை சொல்லியிருக்கிறார். மைல்ஸ் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அந்தக் கார்டைப் பொருத்தமாக்கும் சுரங்களை வாசித்தார். சிவப்பு மையில் வட்டம் போடுகிற நான் இந்தக் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

டிரிஸ்டானோவின் மாணவர், சாக்ஸபோன் கலைஞர் லீ கோனிட்ஸ், புனைவுக்குப் பத்துப் படிகள் வகுத்தார். முதற்படியில் மெட்டை அப்படியே வாசிக்க வேண்டும். பிறகு சிறிது அலங்காரம், இன்னும் சிறிது எனப் படிப்படியாக ஏறி, மெட்டைவிட்டு முழுக்க விலகுவது கடைசிப் படி. இதை வகுப்பில் காக்கை, வடை கதையை வைத்துச் செய்தேன். முதல் நாள் எல்லாரும் கதையை அப்படியே வாயால் சொன்னார்கள். மறுநாள் ஒரே ஒரு சொல்லை மாற்றலாம். அதற்கு மறுநாள் ஒரு நிகழ்ச்சியை. அந்த மாணவி முதல் நாள் நண்பர்களோடு சேர்ந்து சொன்னாள். இரண்டாம் நாள் வடையைப் பணியாரமாக்கினாள். ஐந்தாம் நாள், பாட்டி பேசுவதாக எட்டு வரி எழுதிக் கொடுத்தாள். காக்கைக்குத் தெரியட்டும் என்றுதான் பாட்டி பணியாரத்தை மூடாமல் வைத்திருந்தாளாம்.

அந்த எட்டு வரியில் எழுத்துப்பிழை நான்கு. எதிலும் வட்டம் போடவில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

தேநீருக்குப் பிறகு கீபோர்டு இந்த மேசையில் இருக்கும். மூன்று கட்டைகளில் வண்ணத்தாள் ஒட்டியிருக்கிறேன். இடக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன், வலக்கைக்கு யார் வருகிறீர்கள்?