சொந்த வீடும் வர்க்க ஒற்றுமையும்

(அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வீட்டுக் கடன் வாங்கிய தொழிலாளி சங்கக் கூட்டத்துக்கு வருவது குறைந்துவிடுகிறது என்று சென்ற வகுப்பில் ஒரு தோழர் வருத்தத்துடன் கூறினார். அதையொட்டி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஊர் ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

டெலாவேர் ஆற்றையொட்டிய பக்ஸ் கவுண்டியின் அப்பகுதி, இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வயலும் பண்ணையுமாக இருந்தது. யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அங்கே பெரும் உருக்காலையை அமைத்தது. அதனருகே வில்லியம் லெவிட்டின் நிறுவனம் விளைநிலங்களை வாங்கிக் குவித்து, 1952 முதல் 1958 வரை 17,311 வீடுகளை எழுப்பியது. ஊருக்கு லெவிட்டவுன் என்று குடும்பப் பெயரே சூட்டப்பட்டது. ஆலையில் பொருள் நகரும், தொழிலாளி நிற்பார். இங்கே வீடு நின்றது, தொழிலாளி ஒரே வேலையைச் செய்தபடி வீடு வீடாக நகர்ந்தார்.

நிலத்தை வாங்கியது மூலதனம். கடன் அளித்தது வங்கி. அக்கடனுக்கு உத்தரவாதம் தந்தது அரசு. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையால், போரிலிருந்து திரும்பிய வீரர் முன்பணமின்றியே வீடு பெற முடிந்தது. நெருக்கடியான வாடகை அறைகளில் வாழ்ந்தவருக்குத் தனிச் சமையலறையும் தோட்டமும் அற்பமானவை அல்ல. நாம் அதை ஏளனம் செய்யலாகாது. ஆனால் லெவிட் 1948இலேயே மனம் திறந்து பேசியிருந்தார்: சொந்த வீடும் மனையும் உள்ளவன் கம்யூனிஸ்டாக இருக்க முடியாது, அவனுக்குச் செய்ய வேலை ஏராளம் என்று.

கறுப்பின மக்களுக்கு அவர் வீடு விற்கவில்லை. யூதரான தமக்கு இனவெறி இல்லையாம். ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளையர் வாங்கமாட்டார்கள் என்பதே கணக்காம்! 1957 ஆகஸ்டில் முன்னாள் படைவீரர் வில்லியம் மையர்ஸ், மனைவி டெய்சியுடனும் மூன்று குழந்தைகளுடனும் அங்கே குடியேறினார். வீட்டை அதன் முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கியிருந்தார். நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். கல்லெறியில் சன்னல் உடைந்தது. மாநிலக் காவல்படை வரவேண்டியதாயிற்று.

திரண்டவர்கள் முதலாளிகள் அல்லர். பெரும்பாலும் மாதத் தவணை கட்டிவந்த உழைப்பாளிகள். தம் வீட்டின் விலை சரியும் என்ற அச்சம் இனவெறிக்கு எண்ணெய் வார்த்தது. அண்டை வீட்டிலிருந்த வெள்ளையின இடதுசாரிக் குடும்பம் மையர்ஸ் குடும்பத்துடன் உறுதியாக நின்றது. அவ்வீட்டுச் சுவரிலும் கே.கே.கே. என்று எழுதப்பட்டது. குவேக்கர்களும் துணை நின்றனர். இறுதியில் நீதிமன்றம் தொல்லை தந்தோருக்குத் தடை விதித்தது. மையர்ஸ் குடும்பம் வீட்டை விட்டு ஓடவில்லை.

கூட்டத்துக்கு வராத நம் தொழிலாளியின் வீட்டுக்கு இவ்வாரம் நேரில் செல்லுங்கள். அவருடைய தவணை எவ்வளவு, தெருவில் யார் குடிவரக் கூடாதென்று பேசிக்கொள்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்டு வாருங்கள். அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குவோம்.