மரச்சீனியும் மீன்கறியும்

முன்கழுத்துக் கழலையோடு வரும் தாய்மாரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "வீட்டில் என்ன சாப்பாடு?" என்பதே. மரச்சீனி என்பார்கள். சரியாக வேகாத மரச்சீனியின் நச்சு உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டுக்குள் அயோடின் சேர்வதைத் தடுக்கிறது. இது பலருக்குத் தெரியும். துத்தநாகத்தைத்தான் மறந்துவிடுகிறோம்.

தைராய்டு சுரக்கும் டி4, டி3 ஆக மாறியே நன்கு செயல்படுகிறது. துத்தநாகம் குறைந்த தீனி தின்ற எலிகளுக்கு டி3 குறைந்ததை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். டி3-ஐ ஏற்கும் புரதமும் துத்தநாகமின்றி வேலைசெய்யாது.

மரச்சீனியில் துத்தநாகம் சொற்பம். நண்டிலும் சிப்பியிலும் இறைச்சியிலும் அதிகம். மரச்சீனியோடு மீன்கறி வைத்த நம் பாட்டிமார் அறியாதவர்களல்ல! ஆனால் எல்லாரும் உண்டபின் உட்காரும் தாய்க்குக் கறிச்சட்டியில் என்ன மிஞ்சும்? மாத்திரையை நாங்கள் கொடுக்கிறோம், அதை நிறுத்தக் கூடாது. அவளுடைய பங்கு மீனை வீட்டார்தான் முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும்.