அமெரிக்கப் பெட்டியும் இந்தியப் பெட்டியும்



மாடி வைத்த வீடுகளில் இப்போது மெஷ் வைஃபை சாதாரணமாகிவிட்டது. கீழே ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி. இரண்டும் தமக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க சிக்னலைப் பரப்புகின்றன. இன்னொன்று தேவைப்பட்டால், விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் அமெரிக்காவிலிருந்து வாங்கிவரச் சொல்கிறோம். அதே கம்பெனி, அதே வடிவம். வந்தபின் மாட்டிப் பார்த்தால், ஆப் அதைச் சேர்க்கவே மறுக்கிறது. அல்லது சேர்த்துக்கொண்டாலும், அடிக்கடி இணைப்பு அறுந்துபோகிறது. பெட்டியில் பழுது இருக்க வேண்டியதில்லை. அது வேறொரு நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பிறந்தது, அவ்வளவுதான்.

வானலையை எந்த அரசும் அவிழ்த்துவிடுவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்கப் பெட்டிகள் பொதுவாக 1 முதல் 11 வரையுள்ள சேனல்களில்தான் இயங்கும். இங்கும் ஐரோப்பாவிலும் 13 வரை போகலாம். நெரிசல் குறைவு என்று நம் இந்தியப் பெட்டி 13-க்கு நகர்ந்துவிட்டால், அமெரிக்கப் பெட்டி அதைத் தேடியே அலையும். 6 கிகாஹெர்ட்ஸில் இடைவெளி இன்னும் பெரிது. அமெரிக்கா 2020-இல் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அடுத்த ஆண்டு திறந்ததோ 480 மெகாஹெர்ட்ஸ்தான்.

இதெல்லாம் அதிகாரிகளின் வீண் பிடிவாதம் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் ரேடார். 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதியில் வானிலை ரேடார்களும் இயங்குகின்றன. அமெரிக்க விமான நிலையங்களின் அருகே, தரையிறங்கும் விமானத்தைப் புரட்டிவிடக்கூடிய திடீர்க் காற்றுமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் ரேடார்கள் உண்டு. 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் அப்படியொரு ரேடாரில் இடையூறு தெரிந்தது. ஆராய்ந்தபோது, அதே அலைவரிசையில் இயங்கிய கம்பியில்லா இணையக் கருவிகளே காரணம் என்று புலப்பட்டது. ரேடார் பயன்படுத்தும் சேனலில் பேசும் முன் ரவுட்டர் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவில் வானிலை ரேடாருக்குரிய பகுதியில் பத்து நிமிடம். இரண்டு நாட்டுப் பெட்டிகள் ஒரே வீட்டில் இருந்தால், ஒன்று பேசத் தொடங்கும்போது மற்றது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

'செட்டிங்ஸில் நாட்டின் பெயரை மாற்றினால் போகிறது' என்பார் சிலர். அமெரிக்காவில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வசதியே இராது. 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளின் அலை அமைப்பை வெளியார் மாற்றாதபடி பூட்டிவைக்க வேண்டும் என்று அந்நாட்டு தகவல் தொடர்பு ஆணையம் 2014-இல் விதி செய்தது. பூட்டை உடைக்கும் மென்பொருள் இணையத்தில் கிடைக்கலாம். அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

செட்டாக மொத்தமாகவே அங்கிருந்து கொண்டுவந்தால்? அவை தமக்குள் ஒத்துப்போகும். ஆனால் இந்தியாவில் இறக்குமதியாகும் கம்பியில்லாக் கருவிகளுக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் வகை ஒப்புதல் உண்டு. இந்தியச் சந்தைக்காக வந்த பெட்டிகள் அந்த ஒப்புதலோடு வருபவை. நம்மூர் அலைக்கும் அவையே பொருத்தம்.

ஆகவே புதிதாக ஒன்று வாங்கும்போது, வீட்டிலிருக்கும் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். மாடல் எண்ணோடு நாட்டுக்குறியும் இருந்தால் இரண்டையும் ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.