குறியும் பொருளும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலைமேற் புகையைக் கண்டு ஆண்டு நெருப்புண்டென்று துணிதலைக் கருதலளவை யென்பர் தருக்க நூலார். மருத்துவரும் இவ்வளவையையே கைக்கொள்கின்றனர். உடலினுள் நிகழ்வதைக் கண்ணாற் காணவியலாமையின், குருதியிலும் சிறுநீரிலும் அளக்கத்தக்க ஒரு குறியை நாடுகின்றனர். உயிர்க்குறிப்பான் என்பது அதுவே. சிறுநீரில் எறும்பு மொய்ப்பது கண்டு நீரிழிவை யுணர்ந்த நம் முன்னோரும் குறி கொண்டே பொருளறிந்தனர்.

அந்நோய்க்கு இன்று வழங்கும் குறிகளுள் ஒன்று ஏ1சி என்பது. சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் குருதிச் சர்க்கரை சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அவ்வணு அழியுமளவும் நீங்காது. அணுவின் ஆயுளோ ஏறத்தாழ 120 நாள். ஆதலின் ஒட்டிய பங்கை அளப்பின், முன்சென்ற இரண்டு மூன்று திங்களின் நிலை வெளிப்படும். 1968-இல் டெஹ்ரான் நகரில் சாமுவேல் ரஹ்பர் என்னும் அறிஞர் நீரிழிவுடையார் குருதியில் இவ்வேறுபாட்டைக் கண்டார். 2011-இல் உலக சுகாதார நிறுவனம் 6.5 சதவீதத்தை நோய் துணியும் எல்லையாக ஏற்றது.

யாமும் இக்குறியால் நாணமுற்றோம். சோதனைக்கு முன் மூன்று நாள் இனிப்பையும் சோற்றையும் குறைத்துச் சென்றோம். வெறும் வயிற்றில் எடுத்த அளவு நன்றாயிருந்தது, ஏ1சியோ 8.4! இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பாடம் ஒப்பிக்கும் மாணவனைக் கடிந்த யாமே அம்மாணவனாயினோம்.

எனினும் குறியே பொருளன்று. இரும்புச் சத்துக் குறைந்த சோகையுடையார்க்கு இவ்வெண் உயர்ந்து காட்டலாம். சிவப்பணுக்கள் விரைந்தழியும் நோயுடையார்க்குத் தாழ்ந்து காட்டலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நீரிழிவுடையார் 10,251 பேரைக் கொண்டு நடந்த அக்கார்டு என்னும் ஆராய்ச்சியில், ஒரு பாதியினர்க்கு இவ்வெண்ணை 6-க்குக் கீழ் இறக்கக் கருதி மருந்தை மிகுத்தனர். எண் இறங்கிற்று, மரணமோ மிகுந்தது. அப்பாதியில் 257 பேரும் மற்றப் பாதியில் 203 பேரும் இறந்தனர். 2008-இல் அக்கடுமுறையை நிறுத்திவிட்டனர். புகையை விசிறி யகற்றியதனால் நெருப்பு அவிந்ததென்று கொள்ளலாமோ?

ஆதலின், அன்பர்களே, குறியை மறைக்கவும் வேண்டா. குறிக்கே அடிமையாகவும் வேண்டா. நோய் முற்றுமளவும் காத்திராது சோதித்துக்கொள்க. சோகையுண்டேல் அதனையும் மருத்துவரிடம் கூறுக. அயல்வீட்டார் எண்ணைக் கேட்டுத் தம் மருந்தைத் தாமே கூட்டுதலும் குறைத்தலும் ஒழிக. மூன்று திங்களும் ஒரே நெறியில் ஒழுகுவார்க்குச் சோதனை நாளில் அச்சமில்லை. யாமும் இப்பொழுது அந்நெறியையே பயின்று வருகின்றோம்.