பாட்டுக்கு மயங்கலாம், கையெழுத்துக்கு முன் யோசிக்கலாம்

புதிய காரை விற்கப் பாட்டும் வாத்தியமும் எதற்கு? இன்றைய அங்கத்தில் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஒரு காலத்தில் கார் விளம்பரம் என்றால் வளைந்து செல்லும் மலைச்சாலை, அதில் பளபளக்கும் வண்டி, பின்னணியில் ஒரு கம்பீரக் குரல். எல்லாரும் இதையே காட்டியதால் பார்ப்பவருக்குச் சலித்துவிட்டது. அதனால், எதிர்பாராத இடத்தில் இசையை எழுப்பி மக்களை வியக்க வைக்கும் உத்தி பிறந்தது.

2006-இல் பிரிட்டனில் ஹோண்டா நிறுவனம் சிவிக் காருக்காக ஒரு பாடகர் குழுவை நிறுத்தியது. கார் ஓடும்போது எழும் ஒலிகளை அவர்கள் வாயாலேயே எழுப்பினார்கள். 2009-இல் ஸ்டாக்ஹோமில், ஓடன்பிளான் நிலத்தடி ரயில் நிலையப் படிக்கட்டை வோக்ஸ்வேகன் பியானோ கட்டைகளாக மாற்றியது. கால் வைத்தால் சுரம் ஒலிக்கும். பக்கத்தில் மின்படி இருந்தும், வழக்கத்தைவிட 66 விழுக்காடு அதிகமானோர் படியேறினார்கள் என்று அந்நிறுவனம் கூறியது.

இன்னொன்று 2012-இல் அமெரிக்காவில் நடந்தது. செவர்லே சோனிக் காரை ஓகே கோ இசைக்குழு லாஸ் ஏஞ்சலஸ் அருகே பாலைநிலத்தில் ஓட்டியது. இரண்டு மைல் பாதையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்கள்! காரில் பொருத்திய கைகள் அவற்றைத் தட்டிச் செல்ல, பாட்டு பிறந்தது. நான்கு மாத ஆயத்தம், நான்கு நாள் படப்பிடிப்பு.

இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. படியேறியவருக்கு உடற்பயிற்சியாவது கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிக்கட்டில் நின்று வியந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். உண்மையான விளம்பரம் அதைப் படம்பிடித்த காணொளி. அதை நம் நண்பர் அனுப்புகிறார், நாம் உறவினருக்கு அனுப்புகிறோம். தெரிந்தவர் அனுப்புவதால் அது விளம்பரம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. பாட்டு தந்த மகிழ்ச்சி, நம்மை அறியாமலே காரின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

அந்தக் காணொளி காரைப் பற்றி என்ன சொன்னது? எண்ணெய்ச் செலவு எவ்வளவு? மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு? உதிரி பாகம் எளிதில் கிடைக்குமா? ஒன்றுமே சொல்லவில்லை. சோனிக் காரின் உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டது. பாட்டை மட்டும் இன்றும் பார்த்து மகிழலாம்.

நம் நாட்டில் காருக்கு ஒன்பது ஆண்டுகள் வரை தவணைக் கடன் கொடுக்கிறார்கள். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை மூன்றாம் படிவத்தை முடிக்கும் வரை மாதந்தோறும் கட்ட வேண்டிய பணம் அது. காப்புறுதி, சாலை வரி, பராமரிப்பு எல்லாம் தனி. சில நிமிட வியப்பை நம்பி எடுக்கக்கூடிய முடிவா இது?

ஆகவே, பயனீட்டாளர்களே, இசையை ரசியுங்கள். பிறகு காட்சிக்கூடத்துக்குப் போய்க் காரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். மாதத் தவணையை மட்டும் கேட்காமல், கடன் முடியும்போது மொத்தம் எத்தனை ரிங்கிட் கட்டியிருப்போம் என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு கணக்குப் போட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.