பெற்றோர்க்கு எதைக் காட்டுவது?

(அந்தியூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வெற்றிலைக் கொடிக்காலும் பருகூர் மலை மாடும் குருநாதசாமி குதிரைச் சந்தையுமாகப் பெயர்பெற்ற அந்தியூர்ப் பக்கத்திலிருந்து, கடல் கடந்து பணிக்குச் சென்ற பிள்ளைகள் இன்று பலர். சிங்கையில் இருக்கின்றனர், வளைகுடாவில் இருக்கின்றனர், அமெரிக்காவிலும் இருக்கின்றனர். மகனோ மகளோ அங்கே வீடு பிடித்து அமர்ந்தபின், ஒரு திங்கள் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று பெற்றோரை அழைப்பதும் வழக்கமாகிவிட்டது. வந்த பெற்றோர்க்கு எதைக் காட்டுவது என்பதே இன்றைய பேச்சு. சிறிய பொருள்போல் தோன்றும், சிறியதன்று.

முன்னாளில் கடல் கடந்த தமிழர்க்கு இவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. நாகையில் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கையிலும் இறங்கியவர், கங்காணியின்கீழ் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர், தம் பெற்றோரை அழைத்து, 'இதோ யான் வாழும் ஊர்' என்று காட்டியதுண்டா? 1938-இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்யும்வரை ஆள்கள் சென்றுகொண்டே இருந்தனர். அவர்தம் பெற்றோர் கண்டது அஞ்சலில் வந்த பணமும் எப்போதோ ஒரு மடலும்தான். மகன் வாழ்ந்த மண்ணைக் காணாமலே மண்ணாயினர். இன்றோ கோவையிலிருந்து சிங்கைக்கு நேரே வானூர்தி. நான்கு மணி நேரத்திற்குச் சற்று மிகும், அவ்வளவே. புகையிலை போடும் பழக்கம் உடையோர் அதை மட்டும் இங்கேயே விட்டுச் செல்லல் வேண்டும். மெல்லும் புகையிலைக்கு அந்நாட்டில் தடை.

இறங்கிய மறுநாளே பிள்ளை என்ன செய்கிறான்? மரீனா விரிகுடாவிற்கு அழைத்துச் செல்கிறான். மூன்று நெடுங்கட்டடங்களின் தலையில் கப்பல்போற் கிடத்திய பூங்காவைக் காட்டுகிறான். நீர் உமிழும் சிங்கமீன் சிலையைக் காட்டுகிறான். இரும்பால் செய்த மரங்களைக் காட்டுகிறான். ஒவ்வொன்றின் முன்னும் நிறுத்திப் படம் பிடிக்கிறான். கால்மூட்டு வலிக்கிறது என்று தாய் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை மனம் வருந்தும். தந்தையோ அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "இத்தனை சனத்துக்கும் தண்ணி எங்கிருந்துங்க வருது?"

உழவன் கேட்கும் கேள்வி அது. பவானி ஆற்றையும், அதினின்று 13-ஆம் நூற்றாண்டிலேயே வெட்டப்பெற்ற காலிங்கராயன் வாய்க்காலையும் அறிந்த நாட்டினன் வேறு எதைக் கேட்பான்? பெரும்பாலும் பிள்ளைக்கு விடை தெரிவதில்லை. தெரிந்திருப்பின், அந்த நாளே வேறு நாளாகியிருக்கும். அவர்கள் நின்ற இடத்திற்கு அருகிலேயே விடை இருக்கின்றது. ஆறு கடலிற் கலக்கும் வாயில் 2008-இல் ஓர் அணை கட்டி, உப்புநீர் விரிகுடாவையே நன்னீர் ஏரியாக்கிவிட்டனர். ஆற்றுவளம் இல்லாத அத்தீவில் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழைநீரை வீணாக்காமல் பிடிக்கின்றனர். கழிவுநீரை மீண்டும் மீண்டும் தூய்மை செய்து 2003 முதல் பயன்கொள்கின்றனர். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கின்றனர். இவற்றோடு மலேசியாவின் சோகூரிலிருந்து 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி நீர் வாங்குகின்றனர். அவ்வுடன்படிக்கை 2061-இல் முடிகின்றது. அதற்குள் தம் காலில் நிற்றல் வேண்டும் என்பதே அவர்தம் முயற்சி. காவிரிக்காகவும் பவானிக்காகவும் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் நாட்டிலிருந்து சென்ற தந்தைக்கு இதைவிடச் சுவையான காட்சி வேறு என்ன இருக்கின்றது? அந்த அணையின்மேல் புல்வெளி உண்டு. அமரலாம், காற்று வாங்கலாம், கட்டணம் இல்லை.

அடுத்துக் காட்டத்தக்கது தமிழன் சுவடு. சீனர் தெருக்களின் நடுவே தென்பாலச் சாலையில் மாரியம்மன் கோயில் நிற்கின்றது. 1819-இல் இராபிள்சுடன் சிங்கை வந்த நாராயண பிள்ளை என்பார் 1827-இல் தொடங்கிய கோயில் அது. சற்றுத் தொலைவில், தெலுக்கு ஆயர்த் தெருவில், தமிழ் முசுலிம்கள் எழுப்பிய நாகூர்த் தர்கா. வணிகராய் வந்தவர், கட்டடம் கட்ட வந்தவர், சாலை போட வந்தவர் என எல்லாரும் தத்தம் ஊரின் ஒரு துண்டை அங்கே நட்டுச் சென்றுள்ளனர். கோயில் வாயிலில் தாய் கைகூப்பி நிற்கையில், இதைக் கட்டியவரும் நம்மவரே என்று ஒரு சொல் சொன்னால் போதும். படம் பிடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் வீட்டு வாயிலில் 'தமிழ் முரசு' நாளிதழை வாங்கிக் கொடுக்கட்டும். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய இதழ், இன்றும் வெளிவருகின்றது. திருவாரூரில் பிறந்து சிங்கையில் வாழ்ந்த அப்பெருமகன் ஏடு நடத்தியதோடு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைந்த காலத்தில், அங்கே தமிழே இடம்பெறல் வேண்டும் என்று வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு மக்களிடம் பணம் திரட்டினார். தோட்டத் தொழிலாளியும் தன் கூலியிலிருந்து கொடுத்தான். அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயக அடிகளின் முயற்சியால் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதை யாவரும் அறிவர்.

பணத்தாளைக் கையிற் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். காசிலும் உண்டு. தொடர்வண்டி நிலையப் பெயர்ப் பலகைகள் பலவற்றில் தமிழ் உண்டு. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழி என்று அந்நாட்டின் அரசியல் சட்டம் சொல்கின்றது. குடிமக்களிலும் நிலைவாழ்நரிலும் இந்தியர் நூற்றுக்கு ஒன்பதின்மரே. அவருள்ளும் தமிழர் ஒரு பங்கினர். உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழியை அந்நாடு 1966-இல் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கும் சட்டம் 2006-இல்தான் வந்தது. அதே 2006-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழங்க இசைவு கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இன்னும் ஏற்கப்படவில்லை. இவை தந்தைக்குத் தெரியட்டும்.

ஆயினும் அங்கே எல்லாம் பொன் என்று எண்ணிவிட வேண்டா. 2014-இல் ஓர் அங்காடியின் பெயர்ப் பலகையில், சீனச் சொல்லின் 'சாட்' என்னும் ஈற்றை ஆங்கிலச் சுருக்கம் என்று கொண்டு, 'சனி' என்று மொழிபெயர்த்துவிட்டனர். மொழி அறியாத பொறி செய்த வேலை போலும்! தமிழர் குரல் கொடுத்தபின் பலகை திருத்தப்பெற்றது.

ஞாயிறு மாலையில் தேக்காவுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். வெற்றிலை அங்கே கிடைக்கும். அந்தியூர் வெற்றிலை போலாகுமா என்று தாய் குறை சொல்வார், சொல்லட்டும். அங்குதான் கட்டடத் தொழிலாளத் தமிழ் இளைஞர்கள் வாரத்திற்கொருமுறை கூடுவர். முதல்நாள் மகன் காட்டிய நெடுங்கட்டடங்கள் போன்றவற்றைக் கட்டிய கைகள் அவை. "எந்த ஊருங்கம்மா?" என்று ஒருவன் கேட்பான். "அந்தியூருங்க தம்பி" என்பார் தாய். அவ்வளவில் நின்றுவிடாது, அவன் தாயைப் பற்றி இவர் கேட்பார். தன் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள அவனுக்கு இசைவில்லை. பெற்றோரை நெடுங்காலம் உடன் இருத்திக்கொள்ளும் இசைவும் மிகுந்த ஊதியம் பெறுவோர்க்கே கிடைக்கின்றது. தம் மகன் எவ்வளவு ஊதியம் பெறுகிறான் என்பதன் முழுப்பொருள் பெற்றோர்க்கு அங்கேதான் விளங்கும். சில பிள்ளைகள் அத்தெருவைத் தவிர்த்துவிடுகின்றனர், கூட்டம் மிகுதியாம்!

இவ்வளவும் வெளியே. வீட்டுக்குள் என்ன நடக்கின்றது?

பேரக்குழந்தை ஓடி வருகிறது. கொங்கு நாட்டில் தந்தையின் தந்தை அப்பாரு. தாயின் தந்தை அப்புச்சி. தாயின் தாய் அம்மிச்சி. எந்த வழி உறவு என்பதை விளியே சொல்லிவிடும். குழந்தையோ எல்லார்க்கும் ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்திருக்கின்றது. பணத்தாளில் தமிழ், நிலையத்தில் தமிழ், நாடாளுமன்றத்தில் தமிழ், அடுக்களையில் ஆங்கிலம்! 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அந்நாட்டில் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர், பத்தாண்டு முன் இது 3-க்கு மேல். ஆங்கிலமோ 48.3. அரசு தமிழைத் தள்ளவில்லை. வீடு தள்ளியது. பகலெல்லாம் பிள்ளையும் மருமகளும் பணிக்குச் சென்றபின், பன்னிரண்டாம் மாடியில் இரு முதியவரும் ஒரு குழந்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். பேச எவ்வளவோ இருக்கின்றது. பேசும் மொழி இல்லை. அந்த ஒரு திங்கள் இருபாலார்க்கும் வீணாகின்றது.

அக்குழந்தை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளும் என்று சிலர் ஆறுதல் சொல்வர். எதைப் பார்க்கும்? குருநாதசாமி கோயில் திருவிழா ஆடியில். குதிரையும், செந்நிறத்தில் வெண்புள்ளி படர்ந்த பருகூர் மாடும் சந்தைக்கு வருவது அப்போதுதான். சிங்கைப் பள்ளிகளின் நெடுவிடுமுறை சூனிலும் ஆண்டிறுதியிலும். ஆடியில் குழந்தை வகுப்பறையில் இருக்கும். ஆகலின் அந்தக் குதிரைச் சந்தை அப்பாருவின் வாய்வழியாகத்தான் அக்குழந்தையைச் சென்றடைய முடியும். எந்தக் குதிரைக்கு எந்தச் சுழி நல்லது, மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது எங்ஙனம், துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவது எப்படி என்று. அவர்க்குத் தெரிந்தது ஒரு மொழிதான்.