குறைந்த கணக்கும் குறையாத வேலையின்மையும்

(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

பிரிட்டனில் வேலையில்லாதோருக்கான உதவித் தொகையைக் கோருவோர் எத்தனை பேர் என்ற கணக்கு, ஊர்வாரியாக மாதந்தோறும் வெளியாகிறது. ஓர் ஊரில் கணக்கு இறங்கினால், அங்கே வேலை பெருகிவிட்டது என்று ஆளுவோர் மார்தட்டுகிறார்கள். இதை நாம் அப்படியே நம்பலாமா? சுரங்க ஊர்களின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1984-85 வேலைநிறுத்தத்திற்குப் பின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2015 டிசம்பரில் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லியும் மூடப்பட்டது. வேலை போயிற்று, கணக்கு ஏறியதா? 2001-ல் நாடு முழுவதற்கும் அது 10 லட்சத்திற்குக் கீழே இறங்கியது!

அந்தத் தொழிலாளர்கள் எங்கே போனார்கள்? பலர் வேறொரு பதிவேட்டுக்குப் போனார்கள். உடல் நலிவுக்கான உதவித் தொகை பெற்றோர் அதே காலத்தில் 25 லட்சத்திற்கும் மேல். வேல்ஸின் மெர்தர் டிட்வில், வடகிழக்கு இங்கிலாந்தின் ஈசிங்டன் ஆகிய சுரங்கப் பிரதேசங்களில், உழைக்கும் வயதினரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இந்தப் பதிவேட்டில் இருந்தார்.

இவர்கள் சோம்பேறிகளா? இல்லை! கரித்தூசி நுரையீரலைக் கெடுத்தது. சுரங்க வேலை முதுகை ஒடித்தது. இதே நோயாளி தென்கிழக்கு இங்கிலாந்தில் இருந்தால், உட்கார்ந்து செய்யும் வேலையாவது கிடைத்திருக்கும். சுரங்கத்தையே நம்பியிருந்த ஊரில் என்ன கிடைக்கும்?

2013-ல் யுனிவர்சல் கிரெடிட் திட்டம் தொடங்கியது. இப்போது, வேலையிருந்தும் கூலி போதாத சிலரும் இந்தக் கணக்கில் சேருகிறார்கள். விதி மாறினால் எண்ணும் மாறுகிறது.

ஆகவே தோழர்களே, கணக்கு இறங்கியது என்போரிடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்போம்: பட்டியலிலிருந்து போனவர் எங்கே சேர்ந்தார்? அவருக்கான வேலை அந்த ஊரில் இருக்கிறதா?